பரமக்குடிப் பக்கம் வானில் நின்றுபோன காற்றாடி: விமானிகள் தாமதித்தது சரியா?

கீழக்கரைப் பயணி எழுதியது:

மன்றத்தார் அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் காயல்பட்டினத்தில் நடந்த உறவினர் திருமணத்துக்காக நானும் என் பெரிய காக்காவும் (மூத்த அண்ணன்) சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு விமானத்தில் புறப்பட்டோம். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு காற்றாடிகள் கொண்ட ஏ.டி.ஆர். வகை விமானம் அது. எங்கள் இருக்கை இடப்பக்கம், இறக்கைக்குச் சற்றுப் பின்னால் இருந்தது. ஒரு மணி நேரம் கடந்து, ஆர்.எஸ். மங்கலம் கண்மாயும் அதற்கப்பால் தொண்டிக் கடலின் வெளிறிய கோடும் தெரிய, நம் ஊர்ப்பக்கம் வந்துவிட்டோம் என்று காக்காவுக்குக் காட்டிக்கொண்டு வந்தேன். சற்று நேரத்தில் இடப்பக்க எஞ்சினின் இரைச்சல் இரண்டு மூன்று முறை ஏறி இறங்கியது; காலடியில் ஒரு நடுக்கம் பரவியது. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனபின் அந்தக் காற்றாடி வேகம் குறைந்து, எங்கள் கண்ணெதிரே நின்றுவிட்டது. அதன் ஆறு தகடுகளும் கத்தியை ஓரமாகத் திருப்பிப் பிடித்தாற்போல முன்பக்கம் விளிம்பைக் காட்டிக்கொண்டு நின்றன.

காக்கா உடனே மணியை அழுத்திப் பணிப்பெண்ணை அழைத்து, "இடப்பக்கக் காற்றாடி நின்றுவிட்டதம்மா" என்று சொன்னார். விமானிகளுக்குத் தெரியும், அமைதியாக இருங்கள் என்று அவர் சொல்லிப் போனார். பத்து நிமிடம் கழித்தே மதுரைக்குத் திரும்புவதாக அறிவிப்பு வந்தது. அதற்கும் பிறகு வெகுநேரம் சென்று, எஞ்சின் நின்றதிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ அரைமணி நேரத்தில், தீயணைப்பு வண்டிகள் கூடவே ஓடிவர, எந்தச் சேதமும் இல்லாமல் இறங்கினோம்.

ஒரு எஞ்சின் செத்த விமானத்தை அரைமணி நேரம் வானத்தில் வைத்திருந்தது எதற்காக என்பதே என் கேள்வி. உச்சிப்புளியில் கடற்படையின் ஓடுதளம் இருக்கும்போது அங்கே இறக்கியிருக்கக் கூடாதா? காக்காவுக்கு வேறொரு மனக்குறை. தெரிந்த விஷயத்தைப் போய்ச் சொல்லி ஊரார் முன் அசடாகிவிட்டோமோ என்று இன்னும் வருந்திக்கொண்டிருக்கிறார்.

உச்சிப்புளி வாசி எழுதியது:

எரிபொருள் நிறைந்த விமானத்தை இறக்க முடியாது. அதைத் தீர்ப்பதற்காகத்தான் வட்டமடித்திருப்பார்கள்.

முகவை மெக்கானிக் எழுதியது:

நான் விமானி அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் விமான எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டி ஓய்வு பெற்றவன். அந்த அளவில் சொல்கிறேன்.

முதலில், தம்பி, தகடுகள் விளிம்பைக் காட்டி நின்றன என்று நீங்கள் குறித்து வைத்திருப்பதே பாதி விடையைத் தந்துவிடுகிறது. எஞ்சின் தானாகச் செத்து, காற்றாடி அப்படியே விடப்பட்டிருந்தால், எதிர்காற்று அதைத் தொடர்ந்து சுழற்றிக்கொண்டே இருந்திருக்கும். அப்படி வெறுமனே சுழலும் காற்றாடி, காற்றுக்கு எதிரே ஒரு பெரிய பலகையை நிறுத்தியது போல விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். அந்த இழுவை இல்லாமல் போவதற்காகத் தகடுகளைக் காற்றின் போக்குக்கு இணையாகத் திருப்பி நிறுத்துவதை நாங்கள் ஃபெதர் செய்வது என்போம். தானாகவே ஃபெதர் ஆகும் ஏற்பாடு ஏ.டி.ஆரில் உண்டு என்றாலும், அது முக்கியமாகப் புறப்படும் நேரத்துக்கென்று அமைந்தது. நீங்கள் பறந்துகொண்டிருந்த உயரத்தில் அதை விமானிகள்தாம் செய்திருப்பார்கள். ஆகவே உங்கள் எஞ்சின் நின்றது என்பதைவிட நிறுத்தப்பட்டது என்பதே பொருந்தும். இரைச்சல் ஏறி இறங்கியதற்கும் காற்றாடி நின்றதற்கும் இடையில் நீங்கள் எண்ணிய அந்த ஒரு நிமிடத்துக்குள்தான் விமானி அறையில் உண்மையான வேலை நடந்திருக்கிறது.

அந்த வேலையின் வரிசை எல்லா விமானத்துக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒரு பக்கத்து விசை குறைந்தவுடன் விமானத்தின் மூக்கு அந்தப் பக்கமே திரும்பப் பார்க்கும்; வால் சுக்கானைக் காலால் அழுத்தி அதை நேராக்கி, வேகத்தையும் உயரத்தையும் பிடித்து நிறுத்துவதுதான் முதல் வேலை. அது நிலைப்பட்ட பிறகு முறுக்குவிசை, வெப்பநிலை, எண்ணெய் அழுத்தம் ஆகிய முட்களைப் பார்த்து, எந்த எஞ்சின், என்ன கோளாறு என்று இருவரும் பேசி முடிவு செய்கிறார்கள். அதன் பிறகும் கை உடனே இழுத்துவிடாது. ஒருவர் எஞ்சினின் விசையைக் கட்டுப்படுத்தும் நெம்புகோலின்மேல் கையை வைத்து எந்த எஞ்சினுடையது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர் கண்ணால் பார்த்து, ஆம் அதுதான் என்று சொன்ன பிறகே அது நகரும். எஞ்சினில் தீப்பிடித்தாலும் கணக்கு இருக்கிறது. ஏர்பஸ் ஏ320 வகையில் எரிபொருளை நிறுத்தித் தீக்கான பொத்தானை அழுத்தியபின் 10 விநாடி காத்திருந்துதான் முதல் தீயணைப்புப் புட்டியைத் திறப்பார்கள். எஞ்சினுக்குள் ஓடும் காற்று அடங்குவதற்குள் மருந்தை விட்டால் அது வெளியே அடித்துக்கொண்டு போய்விடும் என்பதே காரணம். மேலும் 30 விநாடி பார்த்துத் தீ அடங்காவிட்டால் இரண்டாவது புட்டி.

உச்சிப்புளி வாசி அவர்கள் சொன்ன எரிபொருள் கணக்கு நீண்டதூரப் பெரிய விமானங்களுக்கு ஓரளவு பொருந்தும். ஏ.டி.ஆர். 72-600 புறப்படக்கூடிய அதிகபட்ச எடை 23,000 கிலோ. இறங்கக்கூடியது 22,350 கிலோ. வித்தியாசம் வெறும் 650 கிலோ. சென்னையிலிருந்து பரமக்குடி வரை பறந்து வந்த விமானம் அதைவிட அதிகமாகவே எரித்திருக்கும்.

இனி அந்த அரைமணி நேரத்துக்கு வருவோம். சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் நேர்க்கோடு போட்டுப் பாருங்கள். அது பரமக்குடிக்கும் சற்று மேற்கே போகிறது. சன்னலில் கடல் தெரிந்ததால் உங்களுக்கு உச்சிப்புளி பக்கத்தில் இருப்பதாகத் தோன்றியிருக்கிறது. அங்கிருந்து உண்மையில் மதுரைதான் கிட்டத்து ஊர். ஆனால் நீங்கள் அப்போது பத்துப் பதினைந்தாயிரம் அடி உயரத்தில் இருந்திருப்பீர்கள். நிமிடத்துக்கு 1,500 அடி வீதம் இறங்கினாலும் அதற்கே பத்து நிமிடம் ஆகும். அதற்குள் செக்லிஸ்டைப் படித்து முடிக்க வேண்டும், மதுரை விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேச வேண்டும், பணிப்பெண்களுக்குச் சொல்ல வேண்டும், ஒற்றை எஞ்சினில் இறங்கும் வேகத்தைக் கணக்கிட வேண்டும், முதல் முயற்சி சரிவராவிட்டால் எப்படி மேலேறுவது என்பதையும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். அரைமணி என்பது எனக்கு அதிகமாகத் தெரியவில்லை.

உச்சிப்புளி ஐ.என்.எஸ். பருந்து கடற்படைத் தளம். பயணிகள் விமானத்துக்கான ஏற்பாடுகள் கொண்டதன்று. வேறு வழியே இல்லையென்றால் தலைமை விமானி எங்கு வேண்டுமானாலும் இறக்கலாம். அந்த அதிகாரம் அவருக்கு உண்டு. ஒரு எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது, 2 கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஓடுதளமும் தீயணைப்பு வண்டிகளும் அருகிலேயே பெரிய மருத்துவமனைகளும் உள்ள மதுரையை விட்டு யாரும் வேறிடம் தேட மாட்டார்கள்.

பாம்பன் விசைப்படகு எழுதியது:

மெக்கானிக் அண்ணன் சொன்னதில் ஒன்று எனக்கு ஒப்பவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினை எதற்காக நிறுத்த வேண்டும்? நாங்கள் தங்கு கடலுக்குப் போகும்போது குளிர்நீர்க் குழாயில் பாசியோ பாலித்தீனோ அடைத்து எஞ்சின் கொதித்தால், வேகத்தைத் தணித்து, மூச்சு வாங்கவிட்டு, எப்படியாவது கரை வந்து சேர்வோம். கச்சான் காற்று அடிக்கும் நேரத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டால் திரும்பக் கிளம்பும் என்பதற்கு என்ன உறுதி? உயிருள்ள எஞ்சினைக் கொல்லக் கூடாது என்பது எங்கள் தகப்பன் காலத்துப் பாடம்.

முகவை மெக்கானிக் எழுதியது:

நல்ல கேள்வி, தம்பி. படகில் இருப்பது ஒரே எஞ்சின், அதனால் உங்கள் பாடம் உங்களுக்குச் சரி. இங்கே இன்னொன்று முழு உடல்நலத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறது. அது ஒன்றே விமானத்தைப் பறக்க வைக்கப் போதுமானது என்று காட்டிய பிறகுதான் அந்த வகை விமானத்துக்குச் சான்றே தருகிறார்கள். எண்ணெய் அழுத்தம் இல்லாத எஞ்சினைச் சுழலவிட்டால் தாங்கிகள் (பேரிங்) உருகிப் போகும். உடைந்த துண்டுகள் இறக்கைக்குள் பாயவும் கூடும். 2010 நவம்பர் 4ஆம் தேதி சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட குவாண்டாஸ் ஏ380 விமானத்தில் ஓர் எண்ணெய்க் குழாயில் ஏற்பட்ட விரிசலால் தீ மூண்டு, எஞ்சினின் வட்டு உடைந்து சிதறி, இறக்கையைத் துளைத்துக் கம்பிகளை அறுத்துவிட்டது. 469 பேரும் பிழைத்தார்கள். ஆனால் அவர்களும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வானிலேயே இருந்து, ஒன்றன்பின் ஒன்றாக வந்த எச்சரிக்கைகளையெல்லாம் பொறுமையாகத் தீர்த்த பிறகே இறங்கினார்கள் என்பதைக் கீழக்கரைத் தம்பி கவனிக்க வேண்டும்.

இருந்தாலும் நீங்கள் சொல்வதுபோல் மூச்சு வாங்கவிடுவதும் உண்டு. எஞ்சினுக்குள் காற்றோட்டம் தடுமாறி டமார் டமார் என்று வெடிச்சத்தம் எழுந்து, பின்பக்கம் தீ நாக்கு நீண்டால், பார்ப்பவருக்கு உலகமே முடிந்தது போல இருக்கும். நெம்புகோலைச் சற்றுப் பின்னிழுத்தவுடன் அது பெரும்பாலும் அடங்கிவிடும். அத்தகைய எஞ்சினைக் குறைந்த விசையில் ஓடவிட்டே இறங்குவதும் உண்டு. எதை நிறுத்துவது, எதை ஓடவிடுவது என்பதை முட்கள்தாம் சொல்ல வேண்டும். சத்தத்தை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது.

தேவிபட்டினம் டீச்சர் எழுதியது:

என் மாணவர்கள் பலரும் எஞ்சின் நின்றால் விமானம் கல்லைப் போல விழும் என்றே நினைக்கிறார்கள். ஆகையால் ஒரு குறிப்பு. 2001 ஆகஸ்ட் 24ஆம் தேதி, அட்லாண்டிக் பெருங்கடலின்மேல், எரிபொருள் கசிந்து இரண்டு எஞ்சினும் நின்றுபோன ஓர் ஏர்பஸ் ஏ330 விமானம், 306 பேரோடு சுமார் 120 கிலோமீட்டர் வெறுமனே சறுக்கிச் சென்று அசோர்ஸ் தீவில் இறங்கியது. இராமநாதபுரத்திலிருந்து மதுரைக்குச் சாலையில் போகும் தூரம் அது. எடுத்துக்கொண்ட நேரம் 19 நிமிடம். யாரும் உயிரிழக்கவில்லை.

அந்தக் கதையின் முன்பாதி எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. எஞ்சின் மாற்றும்போது பொருந்தாத ஓர் உதிரிபாகத்தைப் பூட்டியதால் எரிபொருள் குழாய் உராய்ந்து வெடித்திருக்கிறது. ஒரு பக்கத்துத் தொட்டியில் எரிபொருள் குறைவதைக் கண்ட விமானிகள், கசிவு இருக்கலாம் என்று பார்க்காமல், மறுபக்கத்துத் தொட்டியிலிருந்து அந்தப் பக்கத்துக்குத் திறந்துவிட்டார்கள். செக்லிஸ்டைக் கையில் எடுக்காமல் நினைவிலிருந்தே செய்தார்கள். நல்ல தொட்டியில் இருந்ததும் அந்த ஓட்டை வழியே கடலுக்குப் போயிற்று.

சாயல்குடி சந்தேகி எழுதியது:

தைவானில் ஏ.டி.ஆர். விமானம் ஒன்று பாலத்தில் இடித்து ஆற்றில் விழுந்த காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இந்த வகை விமானமே ஆபத்தானது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கூடவே ஒரு ஐயம்: நம் கரையில் பறவைகள் அதிகம், சக்கரக்கோட்டைக் கண்மாயிலும் தனுஷ்கோடியிலும் வந்திறங்கும் பூநாரைக் கூட்டங்களால் இப்படி நேராதா?

முகவை மெக்கானிக் எழுதியது:

பறவையை முதலில் முடித்துவிடுகிறேன். பறவை மோதுவது பெரும்பாலும் தரைக்கு அருகே, புறப்படும்போதும் இறங்கும்போதும்தான். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் வாத்துக் கூட்டத்தில் சிக்கி இரண்டு எஞ்சினையும் இழந்து ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானம் அப்போது 3,000 அடியைக்கூட எட்டியிருக்கவில்லை. 155 பேரும் பிழைத்தார்கள். 2024 மே மாதம் மும்பையில் இறங்க வந்த விமானத்தில் மோதி ஏறக்குறைய 40 பூநாரைகள் செத்து விழுந்தன. விமானம் பத்திரமாக இறங்கியது. விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் இறைச்சிக் கழிவைக் கொட்டக் கூடாது என்று 1937ஆம் ஆண்டின் விமான விதிகளிலேயே இருக்கிறது. கருவாடு காயும் கரையில் பருந்து வட்டமிடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதன் காரணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. கீழக்கரைத் தம்பியின் விமானம் இருந்த உயரத்தில் பறவையை நான் சந்தேகிக்க மாட்டேன்.

தைவான் விபத்தில் விமானத்தின்மேல் மட்டும் பழியைப் போட்டுவிட முடியாது. 2015 பிப்ரவரி 4ஆம் தேதி தைபேயிலிருந்து புறப்பட்ட சற்று நேரத்தில், ஒரு மின்னணுக் கருவியில் இருந்த பழுதான ஈயப்பற்று இணைப்பினால் வலப்பக்கக் காற்றாடி தானாகவே ஃபெதர் ஆயிற்று. எஞ்சின் ஒன்று போனாலும் மற்றதை வைத்து மேலேறிவிடலாம் என்ற நிலைதான். தலைமை விமானி இழுத்தது இடப்பக்க நெம்புகோலை. சிறிது சிறிதாகக் குறைத்துக் கடைசியில் நிறுத்தியே விட்டார். தவறு புரிந்து மீண்டும் இயக்க முயன்றபோது உயரம் மிச்சமில்லை. 58 பேரில் 43 பேர் இறந்தார்கள். கையை வைத்து, பெயரைச் சொல்லி, மற்றவர் ஒப்பிய பிறகே இழுக்க வேண்டும் என்று மேலே எழுதினேன் அல்லவா, அந்த ஒரு படியை விட்டதன் விலை அது.

கீழக்கரைப் பயணி எழுதியது:

ஐயா, தங்கள் விளக்கத்தால் அரைமணி நேரத்தைப் பற்றிய என் கோபம் தணிந்துவிட்டது. காக்காவின் கேள்விக்குத்தான் இன்னும் விடை வரவில்லை. பயணி வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் முறையா?

முகவை மெக்கானிக் எழுதியது:

அதற்கு வேண்டுமென்றேதான் இடம் விட்டு வைத்திருந்தேன், ஏனென்றால் அதைச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு மனம் வராது.

1989 ஜனவரி 8ஆம் தேதி இலண்டனிலிருந்து பெல்பாஸ்ட் நகருக்குப் புறப்பட்ட போயிங் 737-400 விமானத்தில், இடப்பக்க எஞ்சினின் விசிறித் தகடு ஒன்று முறிந்தது. விமானம் அதிர்ந்தது, புகை நாற்றம் எழுந்தது. பயணிகள் அறைக்குள் வரும் காற்று பெரும்பாலும் வலப்பக்க எஞ்சினிலிருந்து வருகிறது என்ற பழைய நினைப்பில், கோளாறு வலப்பக்கம்தான் என்று தலைமை விமானி கருதினார். அந்தப் புதிய வகையில் காற்று இரண்டிலிருந்தும் வந்தது. அதிர்வைக் காட்டும் முள் சரியாகத்தான் காட்டிற்று. ஆனால் அது மிகச் சிறியது, பழைய விமானங்களில் அதை யாரும் பெரிதாக நம்பியதும் இல்லை. நல்ல எஞ்சினை, அதாவது வலப்பக்கத்ததை, நிறுத்திவிட்டார்கள்.

நிறுத்தியவுடன் அதிர்வும் புகையும் குறைந்துவிட்டன என்பதுதான் இதில் விதி செய்த சூழ்ச்சி. தானியங்கி விசைக் கட்டுப்பாட்டை விலக்கி, இடப்பக்கத்து விசையையும் குறைத்ததால் பழுதான எஞ்சின் சற்று அடங்கியிருக்கிறது. மருந்து வேறு எதற்கோ கொடுக்க, காய்ச்சல் தானாக இறங்கியதைப் பார்த்து வைத்தியர் மகிழ்ந்தது போல ஆயிற்று. கிட்டத்தட்ட இருபது நிமிடம் அந்த நிம்மதியிலேயே பறந்து, கெக்வொர்த் ஊருக்கருகே ஓடுதளத்தை நெருங்கி விசையைக் கூட்டியபோது இடப்பக்கம் முழுவதும் செத்தது. நெடுஞ்சாலைக் கரையில் மோதியதில், 126 பேரில் 47 பேர் இறந்தார்கள்.

இப்போது காக்காவின் கேள்வி. வலப்பக்க எஞ்சினில் கோளாறு, அதை நிறுத்திவிட்டோம் என்று விமானி ஒலிபெருக்கியில் சொன்னதைப் பின்னால் இருந்த பயணிகள் கேட்டார்கள். இடப்பக்கத்தில் தீப்பொறி பறந்ததை அவர்களில் பலர் கண்ணால் கண்டிருந்தார்கள். பணியாளர் சிலரும் கண்டிருந்தார்கள். விமானிக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடப் போகிறது என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விமானி அறையிலிருந்து எஞ்சினைக் கண்ணால் பார்க்க முடியாது, தம்பி. அங்கே முட்கள்தாம் கண். அந்த விபத்துக்குப் பிறகு, விமானிகளும் பணியாளர்களும் ஒருவரோடொருவர் தயங்காமல் தகவல் சொல்லும்படி பயிற்சியை மாற்றினார்கள்.

ஆகையால் உங்கள் காக்கா செய்தது மிகச் சரி. எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துச் சொன்னாரே, அதுதான் எனக்கு அவர்மேல் மதிப்பை உண்டாக்குகிறது. என் சலாமை அவரிடம் சொல்லுங்கள்.

பாம்பன் விசைப்படகு எழுதியது:

அண்ணன், என் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், ஏனென்றால் இதே தவறை நானே செய்திருக்கிறேன். எங்கள் படகில் டீசலுக்கு இரண்டு தொட்டி; ஒன்றில் தண்ணீர் கலந்துவிட்டது. நடுக்கடலில், இருட்டில், எஞ்சின் இருமத் தொடங்கியதும் பாய்ந்து போய் ஒரு வால்வை அடைத்தேன். குழாயில் மிச்சமிருந்த நல்ல டீசலில் சற்று நேரம் ஒழுங்காக ஓடியது. நானும் பீடியைப் பற்றவைத்து உட்கார்ந்தேன். பிறகு சுத்தமாக நின்றது. அடைத்தது நல்ல தொட்டியின் வால்வு. எங்களோடு வந்த சின்னப் பையன் டார்ச் வெளிச்சத்தில் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்; திட்டுவேன் என்று பயந்து சொல்லவில்லை. பக்கத்துப் படகுக்காரர்கள் கயிறு கட்டி இழுத்து வந்து, பொழுது விடிந்து பாம்பனில் சேர்த்தார்கள். இப்போது அந்த வால்வுகளில் ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்குப் பச்சை அடித்திருக்கிறேன்.

கீழக்கரைப் பயணி எழுதியது:

ஐயா அவர்களின் பதிலைக் காக்காவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். முதல் முறை ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் முறை, அந்தத் தீப்பொறியைக் கண்ட இடத்தில் நிறுத்தச் சொல்லி, அது எந்தப் பக்கம் என்று மறுபடியும் கேட்டுக்கொண்டார். அன்று மதுரையிலிருந்து வாடகைக் காரில் காயல்பட்டினம் போய்ச் சேர்ந்தபோது நிக்காஹ் முடிந்து, பந்தியில் கடைசிச் சஹன்தான் (பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டு) மீதி இருந்தது. அந்த ஊர்ச் சொந்தக்காரர்களிடம் தாமதத்துக்குக் காரணமாகக் கார் பழுதென்று சொல்லி வைத்திருந்தாராம். இப்போது தொலைபேசியில் ஒவ்வொருவராக அழைத்து உண்மைக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.